யார் இந்த சோட்டு ராம்? பஞ்சாபை ஆண்ட விவசாயிகள் கட்சி பத்தே ஆண்டில் காணாமல் போன கதை

2020 நவம்பர் கடைசியில் டிராக்டர்களில் வந்து டெல்லி எல்லையில் உட்கார்ந்த பஞ்சாப், ஹரியானா விவசாயிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெயில், குளிர், கொரோனா எல்லாவற்றையும் தாண்டி ஓராண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் போராட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு சொல், மண்டி. அதாவது அரசு ஒழுங்குபடுத்தும் விளைபொருள் சந்தை.

சரி, அந்த மண்டியை முதலில் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தியது யார்? பதில் தேடிப் போனால், போராட்டக் களங்களில் ஒன்றான திக்ரியிலிருந்து ரோத்தக் போகும் அதே நெடுஞ்சாலையில் சாம்ப்லா என்ற ஊருக்கு வந்து சேர்வீர்கள். அங்கே 64 அடி உயரச் சிலையாக நிற்கிறார் ஒருவர். 2018 அக்டோபரில் பிரதமர் மோடி திறந்து வைத்த சிலை அது. பெயர், சர் சோட்டு ராம்.

வட இந்தியாவில் இவர் பெயரில் கல்லூரியும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நம் பக்கம் கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அவருடைய கட்சி? அது இப்போது எங்கேயும் இல்லை. 1937-ல் ஒன்றுபட்ட பஞ்சாபில் தனிப்பெரும்பான்மையோடு ஆட்சி அமைத்த யூனியனிஸ்ட் கட்சி, 1947-ல் அடையாளமே தெரியாமல் போய்விட்டது. எப்படி? அதைப் புரிந்துகொள்ள, சோட்டு ராமின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போவதுதான் எளிய வழி.

கடன் கேட்கப் போன அப்பா

1881 நவம்பர் 24 அன்று, ரோத்தக் மாவட்டத்தின் கர்ஹி சாம்ப்லா கிராமத்தில் ஒரு ஜாட் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வைத்த பெயர் ராம் ரிச்பால். வீட்டில் கடைக்குட்டி என்பதால் சோட்டு, அதாவது சின்னவன் என்று கூப்பிட்டார்கள். பள்ளிப் பதிவேட்டிலும் அதுவே ஏறிவிட்டது. கடைசி வரை அந்தப் பெயர்தான்.

அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் தவறாமல் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. பையனின் மேல்படிப்புக்குக் கடன் கேட்டு அப்பா சுக்கி ராம் ஊரின் சாஹூக்காரிடம் போகிறார். கூடவே மகனும். வட்டிக்கடைக்காரர் பேச்சை ஆரம்பிக்கும் முன்பே, தலைக்கு மேலே தொங்கிய பங்கா விசிறியின் கயிற்றை அப்பாவிடம் நீட்டி இழுக்கச் சொல்கிறார். கடன் வேண்டுமே, அப்பா இழுக்கிறார். பக்கத்தில் அவருடைய சொந்த மகன் சும்மா உட்கார்ந்திருக்க, வயதான மனிதரை விசிறி இழுக்க வைக்கிறாரே என்று சோட்டு கொதித்துவிட்டான் என்பது கதை. அவர் பிற்காலத்தில் கொண்டுவந்த சட்டங்களைப் படித்தால், அந்தக் கயிறு அவர் மனதை விட்டுப் போகவே இல்லை என்று தோன்றும்.

சாஹூக்கார் என்ற சொல் உங்களுக்குப் புதிதல்ல. சென்னை சௌகார்பேட்டையில் இருக்கும் சௌகார் அதுதான்.

படிப்பு நிற்கவில்லை. கல்கத்தாவில் வணிகம் செய்து பெரும் பணக்காரரான, அதே ஜாட் சமூகத்தைச் சேர்ந்த சேட் சாஜு ராம் கைகொடுத்தார். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் 1905-ல் பட்டம், பிறகு ஆக்ராவில் சட்டப்படிப்பு. 1912-ல் ரோத்தக்குக்குத் திரும்பி வழக்கறிஞர் தொழில். அடுத்து ஜாட் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. 1916-ல் ஜாட் கெசட் என்ற உருது வார இதழ். எழுதியதெல்லாம் விவசாயியின் கடன், விவசாயியின் கூச்சம், விவசாயியின் அறியாமை பற்றித்தான்.

பணம் கொழித்த மாகாணத்தில் ஏன் இவ்வளவு கடன்?

இது முக்கியமான கேள்வி. பஞ்சாப் ஏழை மாகாணம் இல்லை. பிரிட்டிஷார் வெட்டிய கால்வாய்களால் கோதுமையும் பருத்தியும் கொட்டின. நிலத்தின் விலை ஏறியது. விலை ஏறினால் அதை அடமானமாக வைத்துக் கூடுதலாகக் கடன் வாங்கலாம் இல்லையா? வாங்கினார்கள். கல்யாணம், மாடு, வழக்கு என்று எல்லாவற்றுக்கும் கடன். மால்கம் டார்லிங் என்ற ஐசிஎஸ் அதிகாரி இதை ஆராய்ந்து 1925-ல் ஒரு நூல் எழுதினார். நில உரிமையாளர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கடனில் இருந்தார்கள் என்பது அவர் கண்டது.

இதற்கு முன்பே பயந்துபோன பிரிட்டிஷ் அரசு 1900-ல் ஒரு சட்டம் போட்டிருந்தது. பஞ்சாப் நில மாற்றச் சட்டம். அரசு விவசாயச் சாதி என்று பட்டியலிட்டவர்களின் நிலத்தை, பட்டியலுக்கு வெளியே இருப்பவர்கள் வாங்க முடியாது. காரணம் வெறும் இரக்கம் இல்லை. இந்திய ராணுவத்துக்கு அதிக ஆட்களை அனுப்பிய மாகாணம் பஞ்சாப். சிப்பாயின் வீட்டு நிலம் வட்டிக்கடைக்காரரிடம் போய்விட்டால் விசுவாசமும் கூடவே போய்விடும் என்ற கணக்கு.

இந்தச் சட்டம் ஒரு புதுக் கோட்டைக் கிழித்தது. ஒரு பக்கம் விவசாயிகள், மறுபக்கம் விவசாயி அல்லாதவர்கள். முஸ்லிம் ராஜபுத்திரர், இந்து ஜாட், சீக்கிய ஜாட் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் ஒரே பக்கம். யூனியனிஸ்ட் கட்சி எழுந்தது இந்தக் கோட்டின் மேல்தான்.

காங்கிரஸை விட்டது ஏன்?

சோட்டு ராம் ரோத்தக் மாவட்டக் காங்கிரஸின் தலைவராக இருந்தவர். முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்கவும் உதவியவர். அன்றைக்கு இரண்டும் முரண்பாடாகத் தெரியவில்லை. 1920-ல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது விலகிவிட்டார். அவருடைய வாதம் நேரடியானது. நகரத்து வழக்கறிஞர் கோர்ட்டைப் புறக்கணித்தால் சில மாத வருமானம் போகும். விவசாயி நிலவரியை நிறுத்தினால் நிலமே போகும். அதை ஏலம் எடுக்க யார் காத்திருப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

1923-ல் லாகூர் வழக்கறிஞர் ஃபஸ்ல்-இ-ஹுசைனுடன் சேர்ந்து யூனியனிஸ்ட் கட்சி உருவானது. அடுத்த ஆண்டே சோட்டு ராம் விவசாய அமைச்சர்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது ஜமீன்தார்களின் கட்சி என்று படிப்பீர்கள். நமக்கு ஜமீன்தார் என்றால் அரண்மனை, யானை, வரி வசூல். பஞ்சாபில் ஐந்து ஏக்கர் வைத்து உழுபவரும் ஜமீன்தார், ஐந்தாயிரம் ஏக்கர் வைத்திருப்பவரும் ஜமீன்தார். கட்சியின் பலமும் பலவீனமும் இந்த ஒரே சொல்லில் இருந்தன. மேற்கே பெரும் முஸ்லிம் நிலப்பிரபுக்கள். கிழக்கே, இன்றைய ஹரியானாவில், சோட்டு ராம் திரட்டிய சிறு, நடுத்தர ஜாட் விவசாயிகள். இருவருக்கும் பொது எதிரி, வட்டிக்கடைக்காரர். அந்த எதிரி இருக்கும் வரை, இவர்களுக்குள் இருக்கும் நில ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

அதனால்தான் வரலாற்றாசிரியர்கள் இதைப் பழமைவாதக் கட்சி என்று வகைப்படுத்துகிறார்கள். பிரிட்டிஷாரோடு மோதாது. நிலச் சீர்திருத்தம் பேசாது. சொத்தும் வரியும் பார்த்துத்தான் அன்றைக்கு ஓட்டுரிமை, அதில் அதற்குப் புகாரும் இல்லை.

பொன் சட்டமா, கறுப்புச் சட்டமா?

1937 தேர்தல். மொத்தம் 175 இடங்கள். யூனியனிஸ்ட் கட்சி தொண்ணூறைத் தாண்டியது. ஜின்னாவின் முஸ்லிம் லீகுக்குக் கிடைத்தது இரண்டே இடம். அதில் ஒருவரும் சீக்கிரமே யூனியனிஸ்ட் பக்கம் வந்துவிட்டார். ஃபஸ்ல்-இ-ஹுசைன் முந்தைய ஆண்டே இறந்துவிட்டதால் சிக்கந்தர் ஹயாத் கான் பிரீமியர் ஆனார், அதாவது இன்றைய முதலமைச்சர் போல. சோட்டு ராம் வளர்ச்சித் துறை அமைச்சர். பிறகு வருவாய்த் துறையும் அவரிடம் வந்தது. சர் பட்டம் கிடைத்ததும் அதே ஆண்டுதான்.

1938-39-ல் வரிசையாகச் சட்டங்கள் வந்தன. 1901 ஜூனுக்கு முன்பு அடமானம் போய் மீளாமல் கிடந்த நிலங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க ஒரு சட்டம். வட்டிக்கு விடுபவர் பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டும், இல்லையென்றால் வசூலுக்குக் கோர்ட் படியேற முடியாது என்று ஒரு சட்டம். வேறொருவர் பெயரில் பினாமியாக நிலம் வாங்கிய ஓட்டையை அடைக்க ஒரு திருத்தம். இதற்கு முன்பே, 1934-ல், அவர் கட்சி சட்டமன்றத்தில் வலுவாக இருந்தபோது வந்த கடன் நிவாரணச் சட்டம், வட்டி அசலைத் தாண்டி ஏறக் கூடாது என்ற பழைய விதியைக் கொண்டுவந்திருந்தது. கிரெடிட் கார்டு பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த விதியின் அருமை சட்டென்று புரியும்.

அப்புறம் 1939-ல் மண்டிச் சட்டம். அதுவரை சந்தையில் என்ன நடந்தது தெரியுமா? எடைக்கல் வியாபாரியுடையது. தரகர் வியாபாரியின் ஆள். துணியை மூடிக்கொண்டு கைவிரல்களால் விலை பேசிக்கொள்வார்கள், சரக்கைக் கொண்டுவந்தவருக்கு எதுவும் தெரியாது. தரகு, எடைக் கூலி, கோயிலுக்கு, கோசாலைக்கு என்று அடுக்கடுக்காகப் பிடித்தம். புதுச் சட்டம் உரிமம், சரியான எடை, வரையறுத்த கட்டணம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. சந்தைக் குழுவில் பெரும்பான்மை விளைவிப்பவர்களுக்கு.

கிராமத்தில் இவற்றுக்குப் பெயர் பொன் சட்டங்கள். நகரத்து வணிகர்களுக்கு இவை கறுப்புச் சட்டங்கள். லாகூரிலும் அமிர்தசரஸிலும் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. காங்கிரஸ் தர்மசங்கடத்தில் மாட்டியது. கொள்கைப்படி விவசாயிகள் பக்கம் நிற்க வேண்டும். ஆனால் பஞ்சாப் காங்கிரஸை நடத்தியதே நகரத்து இந்து வணிகர்களும் வழக்கறிஞர்களும்தான்.

இது பஞ்சாபின் தனிக்கதை என்று நினைக்க வேண்டாம். 1930-களின் விலைவீழ்ச்சி நாடு முழுக்க விவசாயியைக் கடனில் தள்ளியிருந்தது. அதே 1938-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசும் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. இங்கே அதைச் செய்தது காங்கிரஸ், அங்கே காங்கிரஸுக்கு எதிரான கட்சி. அவ்வளவுதான் வித்தியாசம்.

கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்

இனி கசப்பான பக்கம். விவசாயச் சாதிப் பட்டியலில் இடம்பெறாதவர்களில் சௌகார் மட்டும் இல்லை. அந்த வயல்களில் கூலிக்கு உழைத்த தலித்துகளும் இல்லை. வாழ்நாள் முழுக்க மண்ணில் வேலை செய்தவர், கையில் காசு சேர்ந்தாலும், சட்டப்படி விவசாயி இல்லை. எனவே நிலம் வாங்க முடியாது. விவசாயியின் கட்சி என்ற பெயரில் இருந்த விவசாயி, உழைப்பவர் அல்ல. நிலம் வைத்திருக்கும் சாதியில் பிறந்தவர்.

இரண்டாவது, 1943. போரால் கோதுமை விலை ஏறியபோது, மத்திய அரசு உச்சவரம்பு வைக்கப் பார்த்தது. சோட்டு ராம் கடுமையாக எதிர்த்தார். துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் விவசாயி அதிக விலை கொடுக்கும்போது, அவர் விளைச்சலுக்கு மட்டும் ஏன் தடை என்பது வாதம். நியாயம்தான் என்று தோன்றும். ஆனால் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த ஆண்டு அது. ஒரு பிரிவு மக்களுக்காக மட்டுமே அரசியல் செய்தால், பார்வை எங்கே வரை எட்டும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

விரிசல் எங்கே விழுந்தது?

கட்சி மதத்தைத் தாண்டியது என்று சொன்னோம். தேர்தல் முறை அப்படி இல்லை. முஸ்லிம் வாக்காளர் முஸ்லிம் தொகுதியில், சீக்கியர் சீக்கியத் தொகுதியில், மற்றவர்கள் பொதுத் தொகுதியில் ஓட்டுப் போட வேண்டும். மேற்குப் பஞ்சாபின் முஸ்லிம் விவசாயி தன் கடனைத் தீர்த்த சோட்டு ராமுக்கு நினைத்தாலும் ஓட்டுப் போட முடியாது. அவர் பார்ப்பது தன் ஊர் நிலப்பிரபுவின் பெயரைத்தான். அதாவது, மூன்று தனித்தனிப் பெட்டிகளில் ஜெயித்தவர்கள் சட்டமன்றத்தில் வந்து ஒன்றாக உட்கார்ந்தார்கள். கீழே கிளை, தொண்டர், உறுப்பினர் அட்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஊர்ப் பெரியவர்களின் செல்வாக்குதான் கட்சி.

1937 அக்டோபரில் லக்னோவில் சிக்கந்தர் ஜின்னாவோடு ஓர் உடன்பாடு செய்தார். பஞ்சாபில் யூனியனிஸ்ட் ஆட்சி அப்படியே தொடரும், முஸ்லிம் உறுப்பினர்கள் லீகிலும் சேர்ந்துகொள்வார்கள். இரண்டு அட்டை, இரண்டு விசுவாசம். அகில இந்திய அளவில் பாதுகாப்பு கிடைக்கும் என்று சிக்கந்தர் நினைத்திருக்கலாம். உண்மையில் வீட்டுச் சாவியின் ஒரு நகலைக் கொடுத்துவிட்டார். 1940-ல் அவர் ஆண்ட லாகூரிலேயே லீக் தன் புகழ்பெற்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. 1942 டிசம்பரில் சிக்கந்தர் திடீரென இறந்தார்.

அடுத்து வந்த பிரீமியர் கிசர் ஹயாத் கான் திவானா. 1944-ல் ஜின்னா லாகூர் வந்து, ஆட்சியின் பெயரையே முஸ்லிம் லீக் கூட்டணி என்று மாற்றச் சொன்னார். கிசர் மறுத்தார். அவருக்குப் பின்னால் உறுதியாக நின்றவர் சோட்டு ராம். லீக் கிசரை வெளியேற்றியது. சிக்கந்தரின் மகன் ஷௌகத் ஹயாத் கானே லீக் பக்கம் போய்விட்டார்.

அறுபதைத் தாண்டிய சோட்டு ராம் மாவட்டம் மாவட்டமாகக் கூட்டம் போட்டார். மதம் வீட்டுக்குள் இருக்கட்டும், சந்தையில் நாம் எல்லோரும் விவசாயிகள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். கூட்டம் வந்தது. ஆனால் கட்சியாகத் திரட்ட நேரம் இல்லை. பக்ரா அணைக்காக பிலாஸ்பூர் ராஜாவோடு ஒப்பந்தம் முடிக்கும் வேலையும் இந்தக் கடைசி மாதங்களில்தான் நடந்தது. 1945 ஜனவரி 9 அன்று லாகூரில் இறந்தார். வயது 63. உடல் ரோத்தக்குக்குக் கொண்டுவரப்பட்டது.

ஒரே தேர்தலில் முடிந்தது

1946 தேர்தல். போர் முடிந்திருந்தது. சர்க்கரை இல்லை, துணி இல்லை, ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை இல்லை. கோபமெல்லாம் ஆளும் கட்சி மேல். லீக் மாணவர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். தர்காக்களின் பீர்கள் லீகுக்கு ஓட்டுக் கேட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் காற்றைப் பார்த்துக் கட்சி மாறினார்கள். கட்சியே அவர்கள்தானே! அவர்கள் நகர்ந்ததும் மிச்சம் எதுவும் இல்லை. 86 முஸ்லிம் இடங்களில் எழுபதுக்கும் மேல் லீகுக்கு. யூனியனிஸ்ட் கட்சி மொத்தமே சுமார் 20.

காங்கிரஸ், அகாலி ஆதரவோடு கிசர் ஓராண்டு தாக்குப்பிடித்தார். அதிக இடம் வென்ற கட்சி வெளியே, தோற்ற கட்சியின் தலைவர் உள்ளே. லீகின் போராட்டம் தெருவுக்கு வந்தது. 1947 மார்ச் 2 அன்று கிசர் ராஜினாமா செய்தார். அதே வாரம் லாகூர், அமிர்தசரஸ், முல்தான், ராவல்பிண்டி என்று கலவரம் பரவியது. ஆகஸ்டில் மாகாணமே இரண்டானது. ஒரே சந்தையில் கோதுமை விற்றவர்கள் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள். பொன் சட்டத்தால் நிலத்தைத் திரும்பப் பெற்றவர்கள்கூட அதை விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தது. கோடு இடம் மாறிவிட்டது. விவசாயியா இல்லையா என்ற கேள்வி போய், எந்த மதம் என்ற கேள்வி மட்டும் உயிரைத் தீர்மானித்தது.

சோட்டு ராம் உயிரோடு இருந்திருந்தால் பிரிவினை நடந்திருக்காது என்று ஹரியானாவில் இன்றும் சொல்பவர்கள் உண்டு. அன்புக்காகச் சொல்லலாம். கணக்குப் போட்டால் நிற்காது. ஓட்டுப் பெட்டிகள் மூன்றாகப் பிரிந்து கிடந்தன, கட்சி பெரியவர்களின் தயவில் இருந்தது. இதை ஒரு மனிதர் தனியாக மாற்றியிருக்க முடியாது.

மிச்சம் இருப்பது என்ன?

பக்ரா அணையை 1963-ல் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். பிரிவினைக்குப் பின் இந்தியப் பஞ்சாபில் மண்டிச் சட்டம் 1961-ல் புது வடிவம் எடுத்தது. பசுமைப் புரட்சியின் கோதுமை அந்த மண்டிகள் வழியாகத்தான் அரசுக் கிடங்குக்குப் போனது. 2020-ல் டிராக்டர்கள் கிளம்பியதும் அந்த மண்டியைக் காப்பாற்றத்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். இன்றைய பஞ்சாப் மண்டியில் விவசாயிக்கும் அரசுக்கும் நடுவே ஆர்த்தியா என்ற கமிஷன் ஏஜென்ட் இருக்கிறார். விதைக்கும் கல்யாணத்துக்கும் கடன் கொடுப்பவரும் பெரும்பாலும் அவரே. போராட்டத்தில் ஆர்த்தியாக்களும் விவசாயிகளின் பக்கம்தான் நின்றார்கள். சோட்டு ராம் வெளியே தள்ளப் பார்த்த கடன், அவர் கட்டிய மண்டிக்குள்ளேயே வேறு பெயரில் இடம் பிடித்துவிட்டது. தலித் கூலித் தொழிலாளிக்கோ அன்றும் இன்றும் அந்த மண்டியில் விற்க எதுவும் இல்லை.

அடுத்த முறை ஏதாவது ஒரு கட்சி, நாம் எல்லோரும் ஒரே தொழிலைச் செய்பவர்கள், அதனால் ஒன்று என்று சொல்லும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த 'நாம்' என்ற சொல்லுக்கு வெளியே யாரை நிறுத்தியிருக்கிறார்கள்? ஊர்ப் பெரியவர் கட்சி மாறிய மறுநாளும் அந்தக் கட்சி ஊரில் இருக்குமா? சோட்டு ராமின் சட்டங்கள் அவருக்குப் பின்னும் வாழ்ந்தன. கட்சிக்கு இந்த இரண்டு கேள்விக்குமே பதில் இல்லை. அதனால் அது ஒரு தேர்தலைக்கூடத் தாண்டவில்லை.